கதவை அடைத்தவர்

அத்தியாயம் 14

எழுதப் படிக்கத் தெரியாதவளாகவே இருந்திருக்கலாம். கையைப் பிடித்துப் பெருவிரலை மையில் தோய்த்து, தாளில் அழுத்திக்கொண்டு போயிருப்பார்கள். அது என் விரல் செய்ததாக இருந்திருக்கும். நான் செய்ததாக இருந்திராது.

இப்படி நினைத்துக்கொண்டே மதலேனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நினைவு போன போக்கில் கையும் போக, பூ தீர்ந்து சிரட்டை தேயத் தொடங்கியிருந்தது. வெள்ளைப் பூவின் மேல் கறுப்புத் தூள் விழுந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

அந்தச் சாட்சித் தாள் மூன்று வாரமாகக் கூடத்து மேசையில் கிடக்கிறது. பறந்துவிடாமல் இருக்கச் செபப் புத்தகத்தை அதன் மேல் வைத்திருந்தான் புருசன் சந்தியோகு. அதை வாசிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. மனப்பாடமாகிவிட்டது. போன வருடம் புயலடித்த விடியற்காலையில் தாழைமுனைக் கோயிற் கதவு மனிதக் கை படாமல் அடைபட்டது, ஆண்டவரின் கரமே அதை அடைத்தது, அதனால் உள்ளே இருந்த நாற்பத்துமூன்று உயிர்களும் தப்பின. இதுதான் சாரம். கீழே இருபத்தாறு கையெழுத்துகள். இருபத்தேழாவது இடம் அவளுக்காக வெறுமையாக இருந்தது.

"உன்ர கையெழுத்துத்தான் பிள்ளை இதில பெறுமதியானது" என்று பங்குச் சுவாமியார் சொல்லியிருந்தார். "உள்ளுக்கு இருந்து தப்பினவளும் நீதான். வெளியில தங்கச்சியைக் குடுத்தவளும் நீதான். நீயே ஏற்றுக்கொண்டால் வேற ஆர் கேள்வி கேக்கப்போயினம்?"

தங்கை மாக்கிறட்டைக் கோயில் வாசற்படியிலிருந்து பத்து அடி தள்ளி, சரிந்து கிடந்த பனைக்கு அடியில் கண்டெடுத்தார்கள். அதற்கு முன் ஒன்றரை வருடமாக அவள் அந்தக் கோயிலுக்கு வந்ததில்லை. ரயில் பகுதியில் வேலை பார்த்த ஒருவனோடு தாலி இல்லாமல், மோதிரம் இல்லாமல் தலைமன்னாரில் குடித்தனம் நடத்தியவள். சைவப் பையன். புயலன்று அவன் வேலைக்கு அனுராதபுரம் போயிருந்தான். தனியாக இருந்தவள் காற்றுக்குள்ளால் மூன்று மைல் ஓடி, பிறந்த ஊருக்கு வந்திருக்கிறாள். வந்து சேர்ந்தபோது கதவு அடைபட்டிருந்தது.

அடைத்தது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

இன்று ஒரு வருடம். பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் முன்றிலில் செபம். புதிதாகப் பதித்த சீமெந்து நினைவுப் பலகையைச் சுவாமியார் திறந்துவைப்பார். அதற்கு முன் தாள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"நோவேயும் பெண்சாதியும், மூண்டு பொடியளும், மூண்டு மருமக்களும். எல்லாமா எட்டுப் பேர்" என்று கூடத்தில் மகள் றோசம்மா ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. இன்றைக்குச் செபத்தில் வெள்ளப்பெருக்கின் கதையைச் சொல்லப்போகிறவள் அவள்தான். "மிருகங்களில சோடி சோடியா. அப்பா, கழுதையும் ரெண்டுதானோ?"

"ஓம், ரெண்டுதான்."

"அப்ப ஏன் மன்னாரில இவ்வளவு?"

சந்தியோகு சிரித்தான். அவன் சிரிக்கிற சிரிப்பு இந்த வீட்டில் இன்னும் நல்லதொரு சத்தமாகத்தான் இருந்தது. "பெட்டகத்தால இறங்கின உடன நேரா இஞ்ச வந்திட்டுதுகள். வேற இடத்தில அதுகளை ஆர் வேலை வாங்காமல் விடுறது?"

"பேந்து, எட்டுப் பேரும் உள்ளுக்குப் போனாப் பிறகு, ஆண்டவர் வெளிப்பக்கத்தால கதவை அடைச்சார்." அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். நிறுத்தினாள். பிறகு தன் பாட்டில் கேட்டாள். "அப்பா, வெளியில நிண்டவையள் எல்லாரும் பாவியளோ?"

"ஓம். அப்பிடித்தானே எழுதியிருக்கு."

"சின்னப் பிள்ளையளும்?"

"அது ஆண்டவருக்குத் தெரியும்."

"அப்ப மாக்கிறட் சின்னம்மா?"

கறுப்புத் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மதலேனா நிமிர்ந்தாள். அவள் காத்திருந்தாள். 'சீ, இல்லை பிள்ளை' என்று ஒரு சொல். அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"நீ பாடத்தை மட்டும் சொல்லு" என்றான் சந்தியோகு.

பத்து மணி பஸ்ஸில் மன்னாரிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் அவளுடைய தம்பி கொன்ஸ்ரன்ரைன். பட்டினத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் தவிரக் கோயில் பக்கம் போகாதவன். மற்றவள் ஸுஹறா. புயலுக்கு முன் தாழைமுனைத் தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சனூனின் மனைவி. கடையைக் கடல் கொண்டுபோன பிறகு உப்புக்குளத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அன்று இரண்டு பிள்ளைகளோடு கோயிலுக்குள் ஓடிவந்து தப்பியவள். ஒரு தட்டத்தில் வட்டிலப்பம் செய்து, வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவந்திருந்தாள்.

கொன்ஸ்ரன்ரைன் குடையை மடக்கும் முன்னமே தொடங்கிவிட்டான்.

"என்ன அத்தான், நோவேக்கு இண்டைக்குத் திருநாளோ?"

"வா வா. ஆண்டவர் உன்னையும் ஒருநாள் உள்ளுக்கு எடுப்பார். நீயா வராட்டில் பிடரியில பிடிச்சு எடுப்பார்."

"மீனுகளை என்ன செய்தவர் எண்டு முதல்ல கேட்டுச் சொல்லுங்கோ. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒண்டாக் கலந்தா அரைவாசி மீன் செத்துப்போகும். கடற்கரையில பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமே?"

"மீனைப் படைச்சவருக்கு மீனைக் காப்பாத்தத் தெரியாதோ? அதை விடு. அடம்பனில கிணறு வெட்டேக்க இருபது முழத்துக்குக் கீழ சிப்பி வந்தது. நான் கண்ணாலை கண்டனான். கடலில இருந்து அவ்வளவு தூரம் சிப்பி என்ன பஸ்ஸிலயோ போனது?"

"முந்திக் கடல் அங்க இருந்தது அத்தான். கொஞ்சம் கொஞ்சமாப் பின்னுக்கு வந்தது. நாப்பது நாள் மழையில வந்த தண்ணி எண்டால் சிப்பி அப்பிடி அடுக்கடுக்காப் படியாது."

"நீ நிண்டு பாத்தனியோ?"

"நீங்கள் நிண்டு பாத்தனீங்களோ?"

"பாத்தவை எழுதி வைச்சிருக்கினம்."

"அதுக்கு முதலே ரெண்டு ஆத்துக்கு நடுவில இருந்த ஒரு நாட்டில, களிமண் பலகையில இதே கதையை எழுதி வைச்சிருக்கிறாங்கள். அங்கயும் ஒரு மனிசன், ஒரு தோணி, தண்ணி வத்தினதோ எண்டு பாக்க ஒரு பறவை. ஆறு பெருகிற ஊரெல்லாம் இப்பிடி ஒரு கதை இருக்கும்."

சந்தியோகு விடவில்லை. "அப்ப ரெண்டு சாட்சி ஆச்சு. ஒரு சங்கதியை ரெண்டு பேர் சொன்னால் உண்மை கூடுமோ, குறையுமோ?"

ஸுஹறா தட்டத்தை இறக்கிவைத்துவிட்டு வாயை மூடிச் சிரித்தாள். "எங்கட கித்தாபுலயும் இருக்கு. மூணாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மதலேனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மச்சானும் மச்சானும் சீட்டு விளையாடுவதுபோல ஆளுக்கொரு வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயரம் வந்தது, எங்கே வடிந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தண்ணீருக்குள் நின்றவர்களைப் பற்றி இவனும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் அவர்களைப் பாவிகள் என்று தள்ளினான். இவன் அப்படி யாருமே இருக்கவில்லை என்று தள்ளினான்.

தேத்தண்ணிக் கோப்பையோடு கொன்ஸ்ரன்ரைன் அவளுக்குப் பின்னால் குசினிக்குள் வந்தான்.

"அக்கா, அந்தத் தாளில கையெழுத்து வைச்சிடாதை."

"ஏன்?"

"பொய்." குரலைத் தாழ்த்தினான். "வெளிப்பக்கக் கொண்டி காத்துக்கு ஆடித் தானா வளையத்தில விழுந்து பூட்டினது எண்டுதானே ஊரெல்லாம் கதை? புயலடிக்கேக்க அந்தக் கதவில வளையமே இல்லை. திருநாளுக்குப் பூச்சுப் பூச எண்டு அருளப்பர் மேசன் கழட்டினவர். இப்பவும் அவற்ற சாமான் பெட்டிக்குள்ள கிடக்கு. நான் கையில வாங்கிப் பாத்தனான்."

"அருளப்பரும் கையெழுத்து வைச்சிருக்கிறாரே."

"அதையும் கேட்டனான். 'ஆண்டவருக்கு வளையம் தேவையே தம்பி' எண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறார்." சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினான். "வெளியால பூட்ட வழியே இல்லை அக்கா. உள்ளுக்குத் தடி போட்டுத்தான் அடைச்சிருக்க வேணும். ஆரோ ஒருத்தர் அடைச்சது."

ஆரோ ஒருத்தர். கோயில் சாவி ஒருவனிடம்தான் இருந்தது. அன்றைக்குக் கதவடியில் நின்றவனும் அவன்தான். கோயிலுக்கு மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, கதவு பூட்டித் திறக்கிற சங்கிலித்தாம். அவளுடைய புருசன். அதைத் தம்பி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் வாயிலிருந்து வந்தது வேறொரு கேள்வி.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"புரட்டாதியில."

"இது மார்கழி."

"ஓம், ஆனா அக்கா, கொஞ்சம் பொறு. ஊர்க் கதையா இருக்கேக்க அதைப் பிடிக்க ஏலாது. எழுத்தில வந்தால்தான் உடைக்கலாம். தாளை அவை எழுதட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். கட்டுரை முடிஞ்சுது. முந்தநாள் பேப்பருக்கு அனுப்பிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை வரும்." அவன் கண்கள் மின்னின. வகுப்பில் நல்லதொரு கணக்கைக் கரும்பலகையில் செய்து முடித்தவன் மாதிரி நின்றான். "செத்தவளின்ர சொந்தத் தமக்கையே கையெழுத்து வைக்க மறுத்தவ எண்டு முடிச்சிருக்கிறன்."

"நான் மறுத்தனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"மூண்டு கிழமையா வைக்கேல்லையே."

"என்ர பேரும் போட்டிருக்கிறியோ?"

அவன் கோப்பையைக் கழுவப் போனான். இந்த வீட்டில் ஒரு நாளும் அவன் கோப்பை கழுவியதில்லை.

"மாக்கிறட் எனக்கும் தங்கச்சிதான் அக்கா" என்றான் முதுகைக் காட்டிக்கொண்டு.

"அது தெரியும். மூண்டு மாசம் அவளை நீ பெட்டிக்குள்ள வைச்சிருந்திருக்கிறாய். அந்த வளையத்தை அருளப்பர் வைச்சிருந்த மாதிரி" என்றாள் மதலேனா. "அந்தக் கட்டுரையில என்ர பேரை வெட்டச் சொல்லி எழுது."

"இனி ஏலாது அக்கா. தபாலில போயிட்டுது."

அவன் வெளியே போன பிறகு அவள் அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான் ஊதினாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அழுகைக்குப் பதிலாக ஒரு கூச்சம் வந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்த ஒன்றை, தனக்குத் தெரியாது என்பதுகூடத் தெரியாமல், ஒரு வருடம் முழுவதும் தலைநிமிர்ந்து நடந்து திரிந்திருக்கிறாள். கோயிலில் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் கையால் தொட்டுக் கும்பிட்டிருக்கிறாள்.

பின்பக்கம் முருங்கை நிழலில் ஸுஹறா பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மதலேனா போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

"ஸுஹறா, அண்டைக்கு நீ கதவுக்குப் பக்கத்திலதானே இருந்தனீ?"

"ஓம் மதலேனாக்கா. தண்ணித் தொட்டி இருக்கே, கைவிரலை நனைச்சு நெத்தியில வைப்பீங்களே, அதுக்குக் கீழ. கடைசியா வந்தது நாங்கதானே. ஓடு விழுதெண்டு மத்தவங்க எல்லாம் பீடத்தடிக்குப் போயிட்டாங்க. எனக்குப் பிள்ளைகளோட அந்தச் சனத்துக்குள்ள போக ஏலல்ல."

"தடியைப் போட்டது ஆர்?"

ஸுஹறா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் ஆச்சரியம் இருந்தது. பிறகு பயம்.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?"

"சொல்லு."

"உங்களுக்குத் தெரியுமெண்டு சந்தியோகு அண்ணன் சொன்னாங்களே." ஸுஹறாவின் கை முந்தானைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. "கடை சாமான் ஏத்த வந்த அண்டைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. 'மதலேனாவுக்கு எல்லாம் சொல்லிட்டன், அவ பொறுத்துக்கொண்டா, நீ அதைப் பத்தி அவவோட கதைச்சிடாதை, புண்ணைக் கிளறின மாதிரி ஆகும்' எண்டு. அதாலதான் நான் வாயே திறக்கல்ல. ஒரு வருசமா உங்களைக் காணுற நேரமெல்லாம், இந்த மனுசிக்கு எவ்வளவு பெரிய மனசெண்டு நினைச்சுக்கொண்டு போவன்."

ஸுஹறா கண்ட அந்தப் பெரிய மனசுக்காரியை மதலேனா ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சந்தியோகு செய்த வேறொருத்தி. எல்லாம் தெரிந்தவள், எல்லாம் பொறுத்தவள்.

"முழுக்கச் சொல்லு ஸுஹறா. நான் கத்தமாட்டன்."

"நாங்க வந்த உடன அண்ணன் தடியைப் போட்டாங்க. கொஞ்ச நேரத்தால தட்டிச்சு. காத்து எண்டுதான் முதல்ல நினைச்சன். பேந்து குரல் கேட்டிச்சு. 'அத்தான், நான் மாக்கிறட், திறவுங்கோ' எண்டு. அண்ணன் தடியில ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு நிண்டாங்க. 'அண்ணன், ஆள் நிக்குது' எண்டு சொன்னன். 'பேசாமல் இரு' எண்டாங்க. பேந்தும் கூப்பிட்டிச்சு. 'அக்கா உள்ளயோ அத்தான்' எண்டு கேட்டிச்சு."

"தண்ணி எவ்வளவு நிண்டது?"

"எப்ப?"

"அவள் தட்டேக்க. உள்ளுக்குத் தண்ணி எவ்வளவு?"

ஸுஹறா தலை குனிந்தாள்.

"அப்ப தண்ணி வரல்ல அக்கா. என்ட சின்னவன் நிலத்துல படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உடுப்புக்கூட நனையல்ல. கடல் வந்தது பேந்துதான்."

ஒரு காகம் முருங்கையில் வந்து குந்தி, கிளை தாங்காமல் பறந்துபோனது.

"என்னைக் காப்பாத்தினவங்களைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல அக்கா? அந்தக் கதவு எனக்குத் திறந்த கதவு." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஆனா, காலையில நீங்களெல்லாம் வெள்ளத்தைப் பத்திக் கதைச்சுச் சிரிச்சீங்களே. எங்கட நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் கப்பல்ல நிண்டு மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாங்க. வா மகனே, எங்களோட ஏறு எண்டு, அலை வந்து நடுவில மறைக்கும் வரைக்கும். அவன்தான் வரமாட்டனெண்டான். இங்க என்னண்டா, வெளியில நிண்ட ஆள்தானே கூப்பிட்டிச்சு."

மூன்றரைக்கு முதல் மணி அடித்தது. இன்றைக்கு மணிக்கு வேறொருவனை நிறுத்தியிருந்தார்கள். சங்கிலித்தாம் இன்று சாட்சிக்காரன்.

சந்தியோகு அறைக்குள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தான். மதலேனா உள்ளே வந்து கதவைச் சாத்தாமல் நின்றாள். கூடத்தில் றோசம்மாவும் மாமனும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாக்கிறட் தட்டேக்க தண்ணி எவ்வளவு நிண்டது?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் அவன் முகம் மாறவில்லை. விரல்கள்தான் பொத்தானைத் தவறவிட்டன.

"இடுப்பளவு. திறந்திருந்தால் கடல் முழுக்க உள்ளுக்கு வந்திருக்கும். நாற்பத்துமூண்டு உயிர் மதலேன். உன்ர பிள்ளையும் அதுக்குள்ள."

"ஸுஹறாவின்ர சின்னவன் நிலத்தில நித்திரை கொண்டவன். அவன்ர உடுப்பு நனையேல்லை."

அவன் திரும்பினான். அந்த முகத்தை அவள் பதினொரு வருடமாகக் காய்ச்சலிலும் கோபத்திலும் குடியிலும் கண்டிருக்கிறாள். இப்படி வெறுமையாகக் கண்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்தான்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றான் கடைசியில். "ஆண்டவர் அடைச்சார் எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை. மூண்டாம் நாள் சுவாமியார் வந்தார். எல்லாருக்கும் முன்னால வைச்சு, 'கதவை அடைச்சது ஆர் சந்தியோகு' எண்டு கேட்டார். என்னால தாங்க முடியேல்லை. 'ஆண்டவரே' எண்டு அழுதனான். அழுதனான் மதலேன், கூப்பிட்டு அழுதனான். அவர் அதை மறுமொழியா எடுத்திட்டார். 'ஆண்டவரே அடைச்சார்' எண்டு பிரசங்கத்தில சொன்னார். பேந்து சனம் கொண்டியைச் சேத்தது, வளையத்தைச் சேத்தது. நான் என்ன செய்ய?"

அதை அவள் நம்பினாள். அன்று அவன் அழுத அழுகை அவளுக்கு நினைவிருந்தது. அவளும் பக்கத்தில்தான் நின்றாள். அந்த ஒரு சொல்லை அவளும் கேட்டாள். அந்தச் சொல்லில் ஓலம் பாதி, மறுமொழி பாதி. ஓலம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"திருத்தியிருக்கலாம்."

"எப்பிடித் திருத்த? அந்தச் சனத்தைப் பாத்தனீதானே? வீடில்லை, வள்ளமில்லை, வலையில்லை. ஆண்டவர் தங்களைத் தெரிஞ்செடுத்தார் எண்டதைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நிண்டதுகள். அதையும் பறிக்கச் சொல்லுறியோ?"

"சனத்துக்குச் சொல்லாட்டில் விடுங்கோ. எனக்குச் சொல்லியிருக்கலாம். பயத்தில அடைச்சுப்போட்டன், கை எழும்பேல்லை எண்டு சொல்லியிருந்தா நான் உங்களோட இருந்து அழுதிருப்பன். அதுக்குப் பதிலா, எனக்குத் தெரியும் எண்டு ஸுஹறாவுக்குச் சொன்னீங்கள்." ஓரடி முன்னுக்கு வந்தாள். "தண்ணி வரேல்லை. பேந்து ஏன் திறக்கேல்லை?"

அவன் சட்டையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தான்.

"மாக்கிறட் அவனோட போனதாலயோ? கோயில் வேலைக்காரன்ர மச்சாள் இப்பிடிப் போயிட்டாள் எண்டு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்களே, அதாலயோ? இல்லாட்டி வேற ஏதுமோ? எனக்கு அது மட்டும் தெரியவேணும்."

கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. கொன்ஸ்ரன்ரைன் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவனுக்கு எழுத இடம் இருக்கும்.

சந்தியோகு எழுந்து போனான். திரும்பி வந்தபோது கையில் தாளும், சுவாமியார் கொடுத்துவிட்ட பேனையும் இருந்தன. அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் தாளை விரித்தான். கசங்கிய மூலையைக் கையால் நீவினான். பேனையின் மூடியைக் கழற்றி வைத்தான்.

"காரணம் இருக்கு" என்றான் மெதுவாக. "உனக்குச் சொல்லுறன். சத்தியமாச் சொல்லுறன், ஒண்டும் மறைக்காமல். முதல்ல இதில வை. சனம் வந்திட்டுது. சுவாமியார் பாத்துக்கொண்டு நிப்பார். நீ வைக்காட்டில் என்னை என்னெண்டு நினைப்பினம்? வைச்சிட்டு வா. செபம் முடிஞ்சு வந்த உடன எல்லாத்தையும் சொல்லுறன்."

"இப்ப சொல்ல ஏலாதோ?"

"சொன்னால் நீ வைக்கமாட்டாய்."

அவன் உண்மை பேசினான். இந்த ஒரு வருடத்தில் அவளிடம் அவன் பேசிய முழு உண்மை அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

அவள் தாளைப் பார்த்தாள். இருபத்தாறு பெயர்கள். பெரும்பாலானவை கோணல் கோணலாக, முக்கி முக்கி எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றின் மேலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள், காணாததை நம்பினார்கள். இருபத்தேழாவது பெயர் மட்டும் அப்படி இருக்காது. அது தெரிந்துகொண்டு எழுதுகிற பெயர். எழுதினால், மாக்கிறட் ஏன் வெளியே நின்றாள் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். எழுதாவிட்டால் இந்த மனிதன் அதைத் தன்னோடு புதைகுழி வரைக்கும் கொண்டுபோவான். அவனை அவளுக்குத் தெரியும்.

அவள் தாளை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"நான் வைக்கேல்லை" என்றாள்.

"மதலேன்..."

"வைக்கேல்லை."

குரல் உயரவில்லை. கூடத்தில் காதைக் கொடுத்து நின்றவனுக்குக்கூட அது கேட்டிருக்காது. அவள் பேனையின் மூடியைத் தேடி எடுத்தாள். பேனையைப் பூட்டினாள். அவனுடைய வெள்ளைச் சட்டைப்பையில் அதை நேராகச் செருகி, அவன் தவறவிட்ட அந்த ஒரு பொத்தானையும் பூட்டிவிட்டாள்.

"நேரம் போகுது" என்றாள். "நீங்கள் போங்கோ."